பெட்டிக்குள் கேட்ட சுருதி

அக்கா விழுந்தது அவள் வீட்டுப் பின்பக்கக் கல்படியில். ஐப்பசியின் துலாமழை தொடங்கிப் படியெல்லாம் பாசி பிடித்திருந்தது. கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டை மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஓடியவள் வழுக்கி விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தவள் என்னிடம் முதலில் கேட்டது காலைப் பற்றி இல்லை.

"எட்டி, கிறிஸ்மஸுக்கு இனி எத்தன ஞாயிறு உண்டு?"

அமரவிளையில் நாங்கள் பிறந்து வளர்ந்த சர்ச்சின் கொயரை அவள்தான் நடத்துகிறாள். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கல்யாணமாகி ஒற்றசேகரமங்கலம் போன பிறகும் வாரம் இரண்டு சாயங்காலம் பஸ் பிடித்து வந்து பிராக்டிஸ் நடத்திவிட்டுப் போவாள். அத்தனை பேர் சேர்ந்து பாடும்போது யார் சுருதி விலகினாலும் தலையைத் திருப்பாமலே ஆளைச் சொல்லிவிடுவாள். காலை ஊன்றவே கூடாது, வண்டியில் குலுங்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அத்தான் மெதுவாக, "இந்த வருசம் வேற ஆராவது நடத்தட்டுமே" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவளை ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் கீபோர்டு. முதல் பிராக்டிஸை வீடியோ காலில் வைத்தோம். அவள் அங்கே கைதட்டுவாள். அது எங்களிடம் பிந்தி வரும். வந்த தட்டுக்கு நாங்கள் பாடுவோம். அது அவளிடம் இன்னும் பிந்திப் போகும். நாங்கள்தான் இழுக்கிறோம் என்று நினைத்து அவள் வேகமாகத் தட்டுவாள். மேல்குரலான சொப்ரானோ பாடும் பெண்கள் தட்டைப் பிடிக்க ஓடுவார்கள். கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர்கள் பழைய இடத்திலேயே நிற்பார்கள்.

"நான் ஒண்ணுன்னு சொல்லும்போ நீங்க முக்கால்ல நிக்கிய! என்னத்தப் பாடுகிய?" என்று அவள் கத்தியது சர்ச்சின் மச்சு வரை கேட்டது. அன்றைக்குப் பாதியிலேயே எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் வீட்டுக்கு நடக்கும்போதே கை பரபரத்தது. ஏனென்றால் இது என் தொழில். நான் அமரவிளை வீட்டில் இருந்துகொண்டே ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் நாம் திறந்து வைக்கும் எல்லாவற்றுக்கும் அடியில், அவற்றைத் தாங்கிக்கொண்டு கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அந்தக் கெர்னலில் நெட்வொர்க் சம்பந்தமான பகுதிகளை எழுதுவதும், எழுதியது உடைந்தால் ஒட்டுவதும்தான் என் வேலை. வீடியோ கால் ஏன் பிந்துகிறது என்று எனக்குத் தெரியும். அக்காவின் குரல் ஏதோ ஒரு தூரத்து நகரத்துக்குப் போய், அங்கே ஒரு கம்ப்யூட்டரில் காத்துக் கிடந்து, அமரவிளைக்குத் திரும்பி வருகிறது. ஆனால் அக்கா வீட்டு லைனும் சர்ச் லைனும் ஒரே கேபிள்காரருடையவை. இரண்டும் போய்ச் சேருவது பெருங்கடவிளையில் இருக்கும் அவருடைய கண்ட்ரோல் ரூமில். குரல் அங்கே போய் அப்படியே திரும்பிவிட்டால் போதாதா?

கேபிள் அண்ணனைப் போனில் பிடித்தேன். கம்பம் கம்பமாக ஏறி லைன் இழுத்தே இரண்டு பஞ்சாயத்தை வளைத்துப் போட்டவர் அவர். விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சருக்கு வேண்டியா? பின்னே என்ன, செய்திரலாம்" என்றார். "ரெண்டு எடத்துக்கும் நடுவுல தனி வழி ஒண்ணு போட்டுத் தாறேன். பாதி சாமானம் எங்கிட்ட உண்டு. மீதி மூள உங்கிட்ட உண்டு."

சாமானம் என்று அவர் சொன்னது, பழைய வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த இன்டர்நெட் பெட்டிகள். அவற்றில் நன்றாக ஓடிய மூன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

இனி என் பங்கு. ஒரு விநாடிப் பாட்டு நானூறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் லைனில் போகும். வழியில் சில துண்டுகள் நெருக்கி அடித்துக்கொண்டு வரும், சில தயங்கி வரும். பக்கத்து வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீரியல் பார்த்தால் இன்னும் மோசம். அந்தத் துண்டுகளை வாங்கி, ஒரு கணம் நிறுத்தி, ஒன்றுக்கொன்று சரியான இடைவெளி விட்டு வெளியே அனுப்பினால் குரல் குரலாக இருக்கும். அந்த இடைவெளி ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு. அதைச் செய்ய, கெர்னலோடு சேர்ந்து ஓடும் ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். என் மேஜையில் இரண்டு லேப்டாப்பை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் நான் பாட, ஹெட்போனில் மற்றதிலிருந்து என் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. மேஜையைத் தட்டினேன், தட்டும் சத்தமும் அதே கணத்தில் வந்தது! நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த பிராக்டிஸுக்கு முன்னால் மாட்யூலைப் பெட்டிகளுக்கு ஏற்றவாறு தயாரித்து, ஒரு பெட்டியை அக்கா வீட்டிலும் ஒன்றைச் சர்ச்சிலும் வைத்தோம். கொயர் முழுக்க வந்திருந்தது. ஸ்பீக்கரை மேடைப் படியில் வைத்திருந்தோம். அக்கா வாயைத் திறந்தாள்.

வண்டு! குடத்துக்குள் மாட்டிய கருவண்டு பேசுவதுபோல ஒரு சத்தம். சொல் புரிந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லின் மேலும் ஓர் உறுமல் ஏறி உட்கார்ந்திருந்தது. டெனர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் பாடியது அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. போனில் கூப்பிட்டாள்.

"எட்டி, நீ என்ன செய்து வெச்சிருக்க? தேன்கூட்டக் கலச்சு விட்ட மாதிரி கேக்குது."

"ஆனா நேரம் எப்பிடி இருக்கு அக்கா? பிந்துதா?"

"பிந்தல" என்றாள். "பெரிசாப் பிந்தல."

எனக்கு அது போதும். மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒற்றசேகரமங்கலம் போய்விட்டேன். கேபிள் அண்ணன் சர்ச் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கே மைக் முன்னால் நின்று அவர் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண, இங்கே அக்காவும் நானும் கேட்டோம். உறுமல் அப்படியே இருந்தது. மைக் ஒயரை மாற்றச் சொன்னேன், மாற்றினார். லைன் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு மாற்றமும் இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கீபோர்டை இழுத்து, இடது ஓரத்தில் கீழ்க் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினாள்.

"இது சும்மா இரைச்சல் இல்ல கேட்டியா. இது ஒரு நோட்டு" என்றாள். "ஒரே நோட்டு. கீழ இருக்க ஜி. இல்ல, சரியா ஜி இல்ல. ஜி-க்கும் அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவுல, ஜி பக்கமாச் சேந்து நிக்குது."

நான் போனில் தேடிப் பார்த்தேன். அந்த ஜி விநாடிக்குத் தொண்ணூற்றெட்டு அதிர்வு. அதற்குக் கொஞ்சம் மேலே என்றால்?

"நூறு" என்று நான் சொன்னது மறுமுனையில் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.

"நூறா? அப்போ கரண்டாக்கும்!" என்று குதித்தார். "நம்ம கரண்டு அம்பது. அதோட எர்த்து சரியில்லேன்னா நூறுலதான் மூளும். நான் எத்தன ஸ்பீக்கர்ல கேட்டிருக்கேன். மக்கா, சர்ச்சுல எர்த்து போயாச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எர்த் கம்பிக் குழியில் அவர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். உறுமல் போகவில்லை. பெட்டியைப் பேட்டரியில் மாட்டிவிட்டுச் சர்ச்சின் மெயினையே இறக்கினார். இங்கே அத்தானும் மெயினை இறக்கினார். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் அடங்கியது, வீடே ஊமையாகிவிட்டது. இரண்டு பக்கமும் பேட்டரியில் மட்டும் ஓட, உறுமல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல" என்று சொல்லிவிட்டு அண்ணன் வேர்வை துடைக்க எண்ணுவதை நிறுத்தினார்.

உறுமலும் நின்றது.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அண்ணே, பேசுங்க!"

"என்னத்தப் பேச?" உறுமல் வந்தது.

"இப்ப பேசாம நில்லுங்க!" போய்விட்டது.

இது கரண்டு என்றால் யாரும் பேசாதபோதும் கேட்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு சத்தமும் வந்து சேரவில்லை. பேசுகிறவரின் குரல்தான் விநாடிக்கு நூறு தடவை அறுபடுகிறது. அறுத்து அறுத்து வருவதால் அந்த அறுப்பே ஒரு நோட்டாகக் கேட்கிறது. யார் அறுக்கிறார்கள்? அதுதான் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததால் கிளம்பினேன். நூறு, நூறு என்று ஸ்கூட்டர் ஓட்டும்போதெல்லாம் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பெருங்கடவிளைச் சந்திப்பில் ஒரு பஸ் ஆள் இறக்க நின்றது. நானும் பின்னால் நின்றேன். அந்தப் பெட்டிக்குள் விநாடிக்கு நூறு தடவை நடப்பது எது?

அப்போது பளிச்சென்று விழுந்தது. எனக்குத் தெரியாததா அது? எத்தனை வருடமாக அதனுடன் குப்பை கொட்டுகிறேன்!

வண்டியை அப்படியே ஒதுக்கி ஒரு பழக்கடை முன்னால் நிறுத்தினேன். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துத் திறந்தேன். போன் வழியாக அக்கா வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து அதன் கெர்னல் எந்த அமைப்பில் கட்டப்பட்டது என்று பார்த்தேன். நூறு. என் லேப்டாப்பில் அதே இடத்தைப் பார்த்தேன். ஆயிரம். நான் போட்ட சத்தத்தில் பழக்கடைச் சேச்சி எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டாள்.

"எந்து பற்றி மோளே?"

"ஒண்ணுமில்லை சேச்சி, கிட்டிப் போயி!" என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அறுக்குறது நானாக்கும்! என் மாட்யூல்தான்!"

"பைய சொல்லு. சாப்பிட்டியா நீ?"

"கேளு. கெர்னல் சும்மா மணி பாத்துக்கிட்டே இருக்காது. குறிச்ச நேரத்துக்கு ஒரு தடவ கண்ணத் தொறந்து, யாருக்கு நேரமாச்சுன்னு பாக்கும். என் லேப்டாப் விநாடிக்கு ஆயிரம் தடவ கண்ணத் தொறக்கும். இந்தப் பெட்டி நூறு தடவதான் தொறக்கும். நான் என்ன சொல்லியிருக்கேன்? ரெண்டரைல ஒரு துண்ட விடு, அஞ்சுல அடுத்தத விடு, ஏழரைல அடுத்ததன்னு. இது கண்ணத் தொறக்குறதே பத்துல."

அக்கா உடனே, "அப்போ நாலும் ஒண்ணா வாசல்ல வந்து முட்டும்" என்றாள்.

"அதேதான்! நாலும் ஒண்ணா வந்தா அந்தப் பக்கத்துல வைக்க இடமில்ல. ஒண்ணு ரெண்ட எடுத்துட்டு மீதிய எறிஞ்சிரும். அடுத்த பத்து வரைக்கும் வெறும் ஓட்ட. நூறு ஓட்ட, ஒரு விநாடிக்கு!"

"அந்த ஓட்டதான் என் ஜி-யா?" என்று கேட்டு அவள் சிரிக்கத் தொடங்கினாள். கால் குலுங்குகிறது என்று பின்னால் அத்தான் அதட்டுவது கேட்டது.

வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்து துண்டுகள் வெளியே போகும் நேரத்தை ஒவ்வொன்றாக அச்சிட வைத்துப் பார்த்தேன். நான்கு ஒரே நேரத்தில், பிறகு பத்து தள்ளி நான்கு, மறுபடி பத்து தள்ளி நான்கு. திரையில் படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே போனது. பிழை கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது வரும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. சரிசெய்த பிறகு வருவதுகூட இதற்கு அடுத்தபடிதான் எனக்கு.

சரிசெய்யும் வழியும் தெரியும். கெர்னலில் இரண்டு வகை டைமர் உண்டு. ஒன்று, இந்தக் கண்திறப்பை நம்பி ஓடும் பழைய டைமர். இன்னொன்று, எந்த நேரத்தைச் சொன்னாலும் சிப்பில் இருக்கும் கடிகாரத்தை அந்த நேரத்துக்கே அடிக்க வைக்கும் நுண்டைமர். சோம்பல்பட்டு, கை பழகிய பழைய டைமரைப் போட்டிருந்தேன். லேப்டாப்பில் அது குற்றம் தெரியாமல் ஓடிவிட்டது. மாட்யூலில் அந்த இடங்களை நுண்டைமருக்கு மாற்றினேன். பெரிய வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலேயே உட்கார்ந்து இரண்டு பெட்டியிலும் புதிய மாட்யூலை ஏற்றினேன். அக்காவைக் கூப்பிட்டு, "இப்ப பாடு" என்றேன்.

வண்டு பாடியது. அதே வண்டு, அதே ஜி.

"மாறல" என்றாள் அக்கா. நேரத்தை அச்சிட்டுப் பார்த்தேன். அதே படிக்கட்டு. நான்கு, பத்து, நான்கு. என் கணிப்பே தப்பா? சனிக்கிழமை நடுச்சந்தியில் நின்று கத்தியதெல்லாம் சும்மாவா? வெறும் வயிற்றோடு சர்ச் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

பிறகு அந்தப் பெட்டியின் கெர்னல் அமைப்பை வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பு நிமிர்ந்தது. நுண்டைமர் வசதி அதில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! பழைய பெட்டி, வீட்டு இன்டர்நெட்டுக்கு இது எதற்கு என்று யாரோ எப்போதோ விட்டுவிட்டார்கள். வசதி இல்லை என்றால் கெர்னல் மறுப்பதில்லை. கேட்டதற்கெல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே பழையபடி நூறு தடவை கண்ணைத் திறந்தே வேலையை ஓட்டிவிடும். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. கணிப்பு தப்பில்லை; பாதி தூரம்தான் போயிருந்தேன்.

ஆனால் இனி மாட்யூலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெட்டியின் கெர்னலையே புதிதாகக் கட்டி ஏற்ற வேண்டும். அதில் சிறு தவறு வந்தாலும் பெட்டி எழுந்திருக்காது. கேபிள் அண்ணனிடம் சொன்னேன்.

"மூணாவது பெட்டிய எதுக்குத் தந்தேன்? அதக் கொன்னு பழகு" என்றார்.

அந்த வாரம் ஆபீஸ் வேலைக்கு இடையில் கிடைத்த நேரமெல்லாம் அதற்கே போனது. சிப்பைப் பற்றிய குறிப்புகளில் நுண்ணிய கடிகாரம் ஒன்று அதில் இருக்கிறது என்று கண்டதும் பாதி உயிர் வந்தது. அதை எழுப்பிவிட்டு, நுண்டைமரைத் திறந்துவிட்டு, கெர்னலைக் கட்டி மூன்றாவது பெட்டியில் ஏற்றினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியே நின்றது. மூடியைக் கழற்றி, உள்ளே பலகையில் இருந்த சிறு ஊசிகளில் ஒயர் மாட்டி, அது எழும்போது என்ன சொல்லிக்கொண்டே சாகிறது என்று பார்த்தேன். கடிகாரத்தின் முகவரியை நான் தப்பாகக் கொடுத்திருந்தேன். இல்லாத கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது, பாவம். திருத்தி மறுபடி கட்டினேன். சிவப்பு. சிவப்பு. பச்சை!

மாட்யூலை ஏற்றி நேரத்தை அச்சிட்டேன். இரண்டரை. ஐந்து. ஏழரை. பத்து. பன்னிரண்டரை. படிக்கட்டு போய் நேர் ரோடாகியிருந்தது. எழுந்து முற்றத்துக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பிராக்டிஸ் நாள் அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். சர்ச் பெட்டியில் காலையிலேயே ஏற்றிமுடித்து, அதைக் கேபிள் அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு ஒற்றசேகரமங்கலம் போனேன். இடி தொடங்குவதற்கு முன்னால் அக்கா வீட்டுப் பெட்டியை முடித்துவிட வேண்டும். ஏற்றும்போது கரண்டு போனால் கதை முடிந்தது. அத்தான் எங்கிருந்தோ ஒரு பழைய இன்வெர்ட்டரைக் கடன் வாங்கி வந்து பெட்டியை அதில் மாட்டி வைத்திருந்தார். ஏற்றத் தொடங்கினேன். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. வெளியே முதல் இடி உருண்டது. லைட் ஒரு தரம் மங்கி, போயே விட்டது.

"போச்சா?" என்று அக்கா கட்டிலில் பாதி எழுந்துவிட்டாள்.

"நீ படு!" என்று அத்தானும் நானும் ஒன்றாகக் கத்தினோம்.

இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டு தாங்கியது. சிவப்பு எரிந்தது. மூன்று பேரும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்தது. அத்தான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு வைத்தார்; அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மழை விட்டுக் கரண்டும் வந்திருந்தது. சர்ச்சில் கொயர் கூடிவிட்டதாக அண்ணன் போனில் சொன்னார். ஸ்பீக்கரைப் போட்டேன். முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ இருமினார்கள். அந்த இருமலே தெளிவாக இருந்தது! பக்கத்து அறையில் இருப்பது போல.

அக்கா கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிச் சுருதி கொடுத்தாள். "எல்லாரும் கேக்குதா?"

"கேக்குது டீச்சர்" என்று ஒரே குரலாக வந்தது.

"முதல் பாட்டு. மூணு எண்ணுவேன். பிந்தப்படாது."

எண்ணினாள். பாடினார்கள். நான்கு குரலும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அந்தச் சின்ன ஹாலுக்குள் வந்து நிறைந்தன. உறுமலில்லை. பிந்தலில்லை. அக்கா கையை ஆட்டியபடி தானும் சொப்ரானோவில் சேர்ந்துகொண்டாள். இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே ஆல்டோ வரியைப் பாடினேன். கண் நிறைந்து போயிற்று.

இரண்டாவது சரணத்தின் நடுவில் அக்கா சட்டென்று கையை உயர்த்தி, "நிறுத்துங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி ஏதோ அறுக்கிறதா? நேரத்தைப் பார்க்க லேப்டாப்பிடம் ஓடினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பேஸ்ல ஒரு புதுக் குரல் கேக்குது. ஆராக்கும் அது?"

அந்தப் பக்கத்தில் பெண்கள் யாரோ வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது.

"டீச்சரே, நான்தான்" என்றது கேபிள் அண்ணனின் குரல். "பெட்டிப் பக்கத்துல சும்மா நின்னேன். கேட்டப்போ கூடச் சேந்து மெல்ல ஒண்ணு பாடிப் பாத்தேன். தப்பா எடுக்கப்படாது."

"தப்பா? எனக்கு மூணு வருசமா பேஸ்ல ஆள் பத்தல. நாளன்னைக்கும் வாரும்."

"நான் அம்பலத்துல கும்பிடப் போற ஆளாக்கும் டீச்சரே."

"நீர் எங்க போறீருன்னு நான் கேட்டனா? வந்து பாடும். இப்ப அந்தச் சரணத்த மொதல்லேந்து எடுங்க எல்லாரும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிராக்டிஸும் அப்படித்தான் நடந்தது. மாட்யூலில் மட்டும் ஒரு சிறு பகுதி சேர்த்தேன்: நுண்டைமர் இல்லாத கெர்னலில் ஏற்றினால், காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டு ஏற மறுத்துவிடும். சும்மா தலையாட்டி ஏமாற்றும் வேலை இனி வேண்டாம்.

கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனைக்கு அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். டாக்டர் அரைமனதாகச் சம்மதித்திருந்தார். அத்தான் காரை ஊர்ந்து ஓட்டி வந்தார். காலை நீட்டி வைக்க ஒரு ஸ்டூலோடு, கொயருக்கு முன்னால் நாற்காலியில் அவளை உட்கார வைத்தோம். கேபிள் அண்ணன் வெள்ளைச் சட்டையில் பின்வரிசையில் நின்றார். அவர் மனைவி கடைசி பெஞ்சில் இருந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டு முழுக்க அவர் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தார். பெருங்கடவிளையில் பாதி வீட்டில் டிவி வரவில்லையாம்.

"போகணுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னும் மூணு பாட்டு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து உள்ளே போட்டுக்கொண்டார்.